கடலின் அடிக்குரல்

இரண்டு கட்டை விரல்களாலும் காதுகளை அடைத்துக்கொள்ளுங்கள். முழங்கைகளைத் தோள் உயரத்திற்குத் தூக்குங்கள். மற்ற விரல்களை மடக்கி முஷ்டியை இறுக்குங்கள். சற்று நேரம் அசையாமல் கவனியுங்கள். தொலைவில் பார வண்டி ஒன்று ஓடுவதுபோல், மெல்லிய உறுமல் ஒன்று கேட்கிறதல்லவா? முஷ்டியைத் தளர்த்தினால் அது அடங்கிவிடும். இறுக்கினால் மீண்டும் எழும்.

அது உங்கள் கைத் தசைகள் சுருங்கும்போது எழும் ஓசை. உல்லாஸ்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி 1810ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில் இதை விவரித்தார். லண்டன் கல் பாவிய தெருவில் கோச்சு வண்டிகள் ஓடும் ஓசைக்கு அதை ஒப்பிட்டார். விநாடிக்குச் சுமார் 20, 25 அதிர்வுகளே உள்ள ஒலி அது. நம் தசைகள் நாள் முழுதும் இப்படி உறுமிக்கொண்டுதான் இருக்கின்றன, நமக்குக் கேட்பதில்லை. அவ்வளவு தாழ்ந்த சுரங்களுக்கு நம் காது ஏறக்குறைய செவிடு. நல்லவேளைதான்! இல்லையென்றால் பாடம் படிக்கவும் முடியாது, தூங்கவும் முடியாது.

ஆனால் இந்தச் செவிட்டுத்தனத்தால் தொல்லைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். கடலுக்கடியில் எழும் ஓசைகளைக் கேட்டு, ‘இது கப்பல், இது திமிங்கிலம், இது நீர்மூழ்கி’ என்று இனம் பிரிக்க வேண்டிய சோனார் இயக்குநர்கள் அவர்கள். அவர்களுக்கு வேண்டிய செய்தியெல்லாம் பெரும்பாலும் அடிக்குரலில்தான் வருகிறது.

பள்ளிக்கரணையில் ஒரு தொட்டி

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகும் பேருந்தில் நீங்கள் ஏறியிருக்கலாம். சேலையூர், மேடவாக்கம் எல்லாம் தாண்டிப் பள்ளிக்கரணையை அடைந்தால், தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் வரும். 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நிறுவனம் இது. கடல் இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் காற்றும் மழையும் கப்பல்களும் எழுப்பும் ஓசைகளை அளந்து ஆராய்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2014 ஜூலையில் இவர்கள் ஆர்க்டிக் பகுதியில் ஒரு நோக்குநிலையத்தை நீருக்குள் இறக்கினார்கள். நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் உள்ள காங்ஸ் ஃபியோர்டு என்னும் கடற்கழியில், 192 மீட்டர் ஆழத்தில் அது நங்கூரமிடப்பட்டது. பெயர் இண்டார்க். பனிப்பாறைகள் உடைந்து விழும் ஓசையைக் கேட்கும் ஹைட்ரோஃபோன்களும், அதாவது நீரடி ஒலிவாங்கிகளும், பின்னர் அங்கே சேர்ந்தன.

பள்ளிக்கரணை வளாகத்தில் ஒலிக் கருவிகளைச் சோதிக்க ஒரு தொட்டி இருக்கிறது. நீளம் 16 மீட்டர், அகலம் 9 மீட்டர், ஆழம் 7 மீட்டர். நம் ஊர்க் கோயில் குளம் ஒன்றை நினைவூட்டும் அளவு! ஆனாலும் தாழ்ந்த சுரங்களுக்கு அது போதாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 1,500/50 = 30 மீட்டர். ஒரே ஓர் அலைகூட அந்தத் தொட்டியில் முழுதாக நீட்டிப் படுக்க முடியாது. அடிக்குரலோடு பழகுவது எவ்வளவு சிரமம் என்பதற்கு இது முதல் அடையாளம்.

சிரமமானால் விட்டுவிடலாமே? விட முடியாது. கடலில் தொலைதூரம் போவது அந்தக் குரல் மட்டுமே. கடல்நீரில் கரைந்துள்ள மெக்னீசியம் சல்பேட்டும் போரிக் அமிலமும் ஒலியைக் கொஞ்சங் கொஞ்சமாக விழுங்குகின்றன. கீச்சுக் குரல்களை ஆவலோடு விழுங்கும் இவை, அடிக்குரல்களைத் தீண்டுவதேயில்லை எனலாம். 50,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு கிலோமீட்டருக்குள் 10 டெசிபலுக்கு மேல் இழந்துவிடும். அதாவது பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியோ 1,000 கிலோமீட்டர் கடந்தாலும் இவ்வகையில் இழப்பது ஒன்றிரண்டு டெசிபல்தான். கப்பலின் எஞ்சின், மின்னாக்கி, உந்துவிசிறி எல்லாமே இந்தத் தாழ்ந்த சுரங்களில்தான் பேசுகின்றன.

குக்ரி மூழ்கிய இரவு

இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி அன்று. 1971 டிசம்பர் 9ஆம் நாள் இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக் கடலில், ஐ.என்.எஸ். குக்ரி என்ற நமது போர்க்கப்பலை பாகிஸ்தானின் ஹங்கோர் என்னும் நீர்மூழ்கி டார்ப்பிடோவால் தாக்கியது. கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர். நீர்மூழ்கியைத் தேடிச் சென்ற கப்பல் அது. நீர்மூழ்கியோ அதற்கு முன்னதாகவே கப்பலைக் கேட்டுவிட்டது.

அன்று நம் கப்பல்களில் இருந்தவை பிரிட்டனிலிருந்து வந்த சோனார்கள். நமது கடலின் மேல்நீர் வெயிலில் சூடேறிக் கிடக்கும். கீழே குளிர்ந்த நீர். ஒலி இந்த இரண்டுக்கும் இடையே வளைந்து கீழ்நோக்கிப் போய்விடுவதால், குளிர்க் கடலில் நன்றாக வேலை செய்யும் கருவி இங்கே தடுமாறியது. அவற்றைத் திருத்தும் பொறுப்பு ஓர் இளம் கடற்படை அதிகாரியிடம் வந்தது. அவர் பொள்ளாச்சியில் 1944இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். முதலில் பழைய சோனாரை மேம்படுத்தினார். பிறகு கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் ஒரு குழுவை நடத்தி ‘அப்சோ’ என்ற புதிய சோனாரை உருவாக்கினார். 1983இல் அது கப்பலேறியது. ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கவும், சும்மா இருந்து பிறர் ஓசையைக் கேட்கவும் வல்ல கருவி அது. (பல ஏரியல்களைக் கொண்டு வானொலிச் செய்திகளை அனுப்பும் முறையைப் பின்னர் இதே பால்ராஜ்தான் கண்டுபிடித்தார், உங்கள் வீட்டு வைஃபை பெட்டியில் அது இருக்கிறது. கடலில் கற்றது காற்றில் உதவியது!)

எவ்வளவு நல்ல கருவியானாலும், முடிவில் தலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய காதுக்கு எட்டாவிட்டால் பயன் என்ன?

ஒலியைப் பெருக்கினால் போதாதா?

இப்படித்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். காதின் குணத்தைச் சற்றுப் பார்ப்போம். ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய 2 டெசிபல் இருந்தாலே நல்ல காதுக்குக் கேட்கும். 100 ஹெர்ட்ஸானால் 26, 50 ஹெர்ட்ஸானால் 44, 20 ஹெர்ட்ஸானால் 78 டெசிபலுக்கு மேல் வேண்டும். டெசிபல் என்பது பெருக்கல் கணக்கு. ஒவ்வொரு பத்துக்கும் ஆற்றல் பத்து மடங்கு ஏறுகிறது. ஆகவே 20 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்க, ஆயிரம் ஹெர்ட்ஸுக்குத் தேவையானதைவிட ஏறக்குறைய 4 கோடி மடங்கு ஆற்றல் வேண்டும்! உட்செவியின் நத்தைச் சுருளின் நுனியில் ஒரு சிறு துளை இருக்கிறது. மெதுவான அழுத்த மாற்றங்கள் அதன் வழியே நழுவிச் சமமாகிவிடுகின்றன. காது மந்தமாக இருக்க அதுவும் ஒரு காரணம்.

சரி, 4 கோடி மடங்கு பெருக்கிவிடுவோம் என்றால், மூன்று இடையூறுகள் குறுக்கே நிற்கின்றன. சிறிய ஹெட்ஃபோன்கள் அத்தனை தாழ்ந்த சுரத்தை ஒழுங்காக எழுப்புவதில்லை. அடுத்தது, தாழ்ந்த சுரங்களில் ‘கேட்கவில்லை’ என்பதற்கும் ‘காது வலிக்கிறது’ என்பதற்கும் இடைவெளி குறுகல். குமிழைச் சற்றுத் திருகினால் மெல்லிய முனகல் திடீரென இடிமுழக்கமாகிவிடும். மூன்றாவது இடையூறுதான் பெரியது. உரத்த அடிக்குரல் தனக்கு மேலுள்ள சுரங்களையெல்லாம் மூடி மறைத்துவிடும். கல்யாண வீட்டில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாருடனாவது பேசிப் பாருங்கள், புரியும். ஆக, கேளாததைக் கேட்கப்போய், கேட்டுக்கொண்டிருந்ததையும் இழப்போம்.

ஒலியைக் காதுக்குக் கொண்டுவர முடியாது என்றால், காது எங்கே கூர்மையாக இருக்கிறதோ அங்கே ஒலியை நகர்த்த வேண்டும். காது மிகக் கூர்மையாக இருப்பது 3,000, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். நாள்தோறும் மணிக்கணக்கில் கேட்பவருக்கு அது குத்தும். சில நூறு ஹெர்ட்ஸ் என்பது இதமான இடம்.

வேகமாக ஓடும் நாடா

எளிய வழி, மெதுவாகப் பதிவுசெய்து வேகமாக ஓடவிடுவது. நாடாவை எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் 20 ஹெர்ட்ஸ் ஒலி 160 ஹெர்ட்ஸாகி, கணீரென்று கேட்கும். ஒரு மணி நேரப் பதிவு ஏழரை நிமிடத்தில் முடிந்தும்விடும்.

1950களில் அமெரிக்கர்கள் அட்லாண்டிக் கடலடியில் ஹைட்ரோஃபோன்களை வைத்துக் கேட்டபோது, 20 ஹெர்ட்ஸில் மணிக்கணக்காகத் தட்டும் ஒரு விநோத ஓசை பதிவாயிற்று. காதுக்கு எட்டாத ஒலி. காகிதத்தில் கோடாகத்தான் தெரிந்தது. மிகவும் ஒழுங்காக இருந்ததால், எதிரியின் பொறியோ என்றுகூட ஐயுற்றார்கள். ஷெவில், வாட்கின்ஸ், பாக்கஸ் என்ற மூவர் 1964இல் வெளியிட்ட ஆய்வில்தான் குற்றவாளி வெளிப்பட்டது: துடுப்புத் திமிங்கிலம்! நமக்கு அருகே, திரிகோணமலைக்கு அப்பால் உலவும் நீலத் திமிங்கிலங்களின் பாட்டையும் வேகமாக ஓடவிட்டே மனிதர் சுகமாகக் கேட்கிறார்கள்.

திமிங்கில ஆராய்ச்சிக்கு இது போதும். போர்க்கப்பலில் இருப்பவருக்குப் போதாது. ஏன்? சற்றே யோசியுங்கள். இப்போது நடப்பதை எட்டு மடங்கு வேகத்தில் கேட்க வேண்டுமானால், ஒரு நிமிடத்தில் எட்டு நிமிட ஒலியைச் செலவழிக்க வேண்டும். மீதி ஏழு நிமிடம் இன்னும் நடக்கவே இல்லையே! நிகழாத ஒலியை யாரிடம் கடன் வாங்குவது?

இதற்கும் ஒரு தந்திரம் உண்டு. ஒலியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் வேகமாக ஓட்டி, மிஞ்சும் நேரத்தை அதே துண்டை மீண்டும் மீண்டும் ஒலித்து நிரப்புவது. துண்டுகள் ஒட்டுமிடத்தில் ‘டக் டக்’ என்று தட்டும். 1966இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளனகனும் கோல்டனும் ஒலியைப் பல சுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கட்டத்தையும் தொடர்ந்து கணக்கிட்டு, ஒட்டுத் தெரியாமல் சேர்க்கும் முறையைத் தந்தார்கள். இதன் உறவுமுறைகளைத்தான் இன்று கைப்பேசியில் பயன்படுத்துகிறீர்கள். பாட வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் ஆசிரியரின் குரல் கீச்சிடுவதில்லையே, அது இந்தத் தந்திரத்தின் மறுபுறம்: வேகம் மாறும், சுரம் மாறாது. சோனாரில் சுரம் மாறும், வேகம் மாறாது. இதற்கும் விலை உண்டு. சுத்தியல் விழுவது போன்ற நொடிநேர ஓசைகள் ஈரத்தில் பட்ட மைபோல் பரவிவிடும்.

பெருக்கலா, கூட்டலா?

வேறு வழி ஒன்று பழைய கப்பற்படையினருக்கு நன்கு பழக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலச் சோனார்கள் 14,000 முதல் 22,000 ஹெர்ட்ஸ் வரை ஒலியை அனுப்பின. எதிரொலியோடு வேறொரு அதிர்வைக் கலந்து, வித்தியாசத்தை மட்டும் பிரித்தெடுத்து, ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் இறக்கிக் காதுக்குக் கொடுத்தார்கள். வானொலிப் பெட்டியில் நடப்பதும் இதுவே. இறக்கத் தெரிந்தவர்க்கு ஏற்றவும் தெரியுமல்லவா? 10, 20, 30, 40 ஹெர்ட்ஸ் ஒலிகளோடு 500ஐக் கூட்டினால் 510, 520, 530, 540 ஆகும். உடனுக்குடன் நடக்கும், கடன் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் கூட்டலும் பெருக்கலும் காதுக்கு ஒன்றல்ல. ஒரு கட்டையில் பாடும் பாட்டை நான்கு கட்டைக்கு ஏற்றினால் ராகம் மாறுவதில்லை. எல்லாச் சுரங்களும் ஒரே அளவால் பெருக்கப்படுவதால் விகிதம் காப்பாற்றப்படுகிறது. ஸ 240 என்றால் ப 360, விகிதம் 2:3. இரண்டோடும் 500ஐக் கூட்டுங்கள்: 740, 860. இப்போது அது ஸ–ப அல்ல. ‘ப’ என்று பாடியவர் ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ போய் நிற்கிறார். பாட்டாக இருந்தால் கச்சேரியே பாழ். ஒரு கப்பலின் ஒலியும் 10, 20, 30 என்று விகிதம் பொருந்திய குடும்பமாகத்தான் வருகிறது. கூட்டலில் அந்தக் குடும்பச் சாயல் அழிந்துவிடுகிறது.

ஒன்று மட்டும் அழிவதில்லை: இடைவெளி. 510, 520, 530 எல்லாம் பத்துப் பத்தாகவே நிற்கின்றன. சேர்ந்து ஒலிக்கும்போது விநாடிக்குப் பத்து முறை ஏறி இறங்கும் விம்மலாக அது கேட்கும். சுரம் போயிற்று, தாளம் வந்தது!

இந்தத் தாளத்தைக் கடல் தானாகவே நமக்குக் கொடுக்கும் சந்தர்ப்பமும் உண்டு. கப்பலின் உந்துவிசிறி வேகமாகச் சுழலும்போது அதன் இதழ்களில் நீராவிக் குமிழிகள் தோன்றி உடையும். அதனால் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை பரவிய ‘உஸ்’ என்ற இரைச்சல் எழுகிறது. ஒவ்வோர் இதழும் மேலே வரும்போது இரைச்சல் சற்றுக் கூடும், பிறகு குறையும். விநாடிக்கு 2 சுற்று, 4 இதழ் என்றால் விநாடிக்கு 8 ஏற்ற இறக்கம். 8 ஹெர்ட்ஸைச் சுரமாக எவராலும் கேட்க முடியாது. ‘உஸ்–உஸ்–உஸ்’ என்னும் நடையாக எவரும் கேட்கலாம். இரைச்சலின் இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து, இதமான ஒரு சுரத்தின் மேல் ஏற்றி ஒலிக்கச் செய்யும் முறைக்கு ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டீமன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பூதம் என்று பொருள்! பெயர்தான் அப்படி, வேலை சாதுவானது.

இல்லாத சுரத்தைக் கேட்கும் மூளை

பழைய தொலைபேசிக் கம்பி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஆண்குரலின் அடிப்படைச் சுரமோ 120 ஹெர்ட்ஸ் பக்கம். கம்பியில் அது வரவே இல்லை. ஆயினும் மாமாவின் கட்டைக் குரல் கட்டைக் குரலாகவே கேட்டது, எப்படி? 360, 480, 600 என்று மேற்சுரங்கள் வந்து சேர்ந்தால், ‘இவற்றின் தாய் 120’ என்று மூளை தானே ஊகித்துக்கொள்கிறது.

ஆகவே கேளாத அடிச்சுரத்தை நேராகக் கொடுக்க வேண்டியதில்லை. அதன் மேற்சுரங்களை உண்டாக்கிக் கொடுத்தால் போதும். உண்டாக்குவது எளிது. 11ஆம் வகுப்பில் படித்த திரிகோணமிதியை நினைவுகூருங்கள்: சைன் மதிப்பை வர்க்கப்படுத்தினால் இரட்டைக் கோணத்தின் கோசைன் வருகிறது. அதாவது ஒலியலையை அதனாலேயே பெருக்கும் சுற்று ஒன்றில் செலுத்தினால் 50 ஹெர்ட்ஸ் 100 ஆகிவிடும். மறுபடியும் செலுத்தினால் 200.

இங்கே ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. 50, 60 என இரண்டு ஒலிகள் ஒன்றாக நுழைந்தால் 100, 120 மட்டுமா வரும்? கூட்டுத்தொகை 110, வித்தியாசம் 10 ஆகியவையும் வரும். கடலில் இல்லாத ஆவிச் சுரங்கள்! ஆவியைக் கப்பல் என்று நம்பினால் டார்ப்பிடோ வீணாகும். கப்பலை ஆவி என்று ஒதுக்கினாலோ, என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே முதலில் ஒலியைக் குறுகிய பட்டைகளாக வடிகட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே வர்க்கப்படுத்துவதே பாதுகாப்பு. இயக்குநர் ஒரு பொத்தானை அழுத்தியதும் திருத்தாத மூல ஒலி கேட்குமாறும் வைக்க வேண்டும் என்பது நம் கருத்து.

இவ்வளவு பாடு எதற்கு, கணிப்பொறித் திரையில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். பார்க்கத்தான் செய்கிறார்கள். கால் ஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள இரு சுரங்களைத் திரை தனித்தனிக் கோடுகளாகக் காட்டும். தாழ்ந்த சுரங்களில் காதால் அது ஆகாது. ஆனால் கால் ஹெர்ட்ஸைப் பிரிக்க எந்தப் பொறியும் குறைந்தது 4 விநாடி பொறுத்துக் கேட்க வேண்டும். அதற்குள் ஒரு சங்கிலி உரசி ஓய்ந்திருக்கும். ஒரு பம்பு ஓடத் தொடங்கியிருக்கும். திரையில் அது மங்கிய புள்ளி. காதுக்கோ, ‘யாரோ கதவைச் சாத்துகிறான்’ என்று கணத்தில் தெரிந்துவிடும்.

இனி நீங்கள் சோனார் இயக்குநர். ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளுங்கள். விசிறியின் இதழ்கள் அச்சுப்பிசகாமல் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஏதேனும் ஓர் இதழ் சற்றுப் பலமாக அடிக்கும், தாளத்தில் சமம் விழுவதுபோல. 10 விநாடியில் 15 பலமான அடிகள் கேட்கின்றன. ஒவ்வொரு பலமான அடிக்கும் அடுத்ததற்கும் இடையே மெல்லிய அடிகள் மூன்று. அந்தக் கப்பலின் விசிறிக்கு எத்தனை இதழ்கள்? நிமிடத்திற்கு எத்தனை சுற்று?

(விடை: 4 இதழ்கள், 90 சுற்றுகள்.)